இருபத்தொரு பாகம் கயிறு

“எந்த நங்கூரம் நகராது தாயி? அதை மட்டும் சொல்லு.”

வியாகுலம் இதைக் கேட்டபோது நம்புவள்ளி கரையில் உட்கார்ந்து விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். கடலில் முங்கிப் பாறைகளில் பாசி பறிக்கிறவள். துணி சுற்றாவிட்டால் விரல் கிழிந்துவிடும்.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. நாற்பது வருடமாக வத்தை என்கிற பாய்மரப் படகை ஓட்டுகிறவர். அவளுக்கு முப்பத்து மூன்று. ஆனால் வியாகுலம் கடலின் மேல்பக்கத்தை மட்டுமே பார்த்தவர். அவள் தினமும் அதன் அடித்தரைக்குப் போய் வருகிறவள்.

“நங்கூரத்தைப் பத்தி என்கிட்ட எதுக்குண்ணே கேக்குறீங்க? பட்டறையில கேளுங்க.”

“மூணு பட்டறையில கேட்டேன். ஒவ்வொருத்தனும் முன்னதைவிடக் கனமா அடிச்சுக் குடுத்தான். இப்ப இருக்கிறதை ரெண்டு பேர் சேர்ந்துதான் தூக்கணும். அப்படியும் அதைப் போட்டுட்டு ஒரு வாய் சோறு நிம்மதியாத் தின்ன முடியல.”

அவள் துணியைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

போன ஆடியில் மேல்காற்று அடித்தபோது அவருடைய வத்தை, போட்ட நங்கூரத்தையும் இழுத்துக்கொண்டு போய்ப் பாரில் மோதி உடைந்தது. கடலுக்குள் நீளமாகக் கிடக்கும் பவளப்பாறையைத்தான் பார் என்பார்கள். அவருடைய மைத்துனன் அருளப்பன் அதில் செத்துப்போனான்.

இப்போது புது வத்தை. ஏறத்தான் ஆள் இல்லை. அருளப்பனின் தம்பி இன்னாசி ஒருவன் மட்டும் வந்தான். ஏன் வந்தாய் என்று அவர் அவனைக் கேட்கவில்லை.

“அன்னைக்கு ஆழம் எவ்வளவு?” என்றாள் நம்புவள்ளி.

“மூணு பாகம்.”

பாகம் என்பது இரண்டு கைகளையும் விரித்தால் வருகிற நீளம்.

“எவ்வளவு கயிறு விட்டீங்க?”

“ஏழு பாகம்.”

“வத்தையில எவ்வளவு இருந்துச்சு?”



“முப்பது.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“பின்னாடியே பார் இருந்துச்சு தாயி. கூட விட்டா வத்தை பார்கிட்டப் போயிரும்ல? அதான் இழுத்துப் புடிச்சேன்.”

அவள் பாசிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“நாளைக்குக் காலையில காத்து நல்லா எழும்பினதும் வாங்க. உங்க பெரிய நங்கூரம் வேண்டாம். நான் ஒண்ணு கொண்டாறேன்.”

*

அவள் கொண்டுவந்ததைப் பார்த்து இன்னாசி சிரித்துவிட்டான். ஒரு கையால் தூக்கி வந்திருந்தாள். கலப்பைக் கொழு மாதிரி ஒரே ஒரு அகன்ற நாக்கு. அதற்குப் பின்னால் இரண்டு பாகம் சங்கிலி.

“இது வத்தையை நிப்பாட்டுமாக்கா?”

“நிப்பாட்டுறது இது இல்ல,” என்றாள்.

பாய் விரித்துக் கடலுக்குப் போனார்கள். பாரை நெருங்கும் முன்பே அவள் நிறுத்தச் சொல்லிக் குதித்தாள். கைநிறையக் கடல்புல்லைப் பிடுங்கி வந்தாள்.

“இங்க வேண்டாம். புல்லு மேல வழுக்கும்.”

அடுத்த இடத்தில் வெறுங்கையோடு வந்தாள். “கல்லு. இடுக்குல சிக்கிட்டா அப்புறம் எடுக்க முடியாது.”

மூன்றாவது இடத்தில் அவள் கொண்டுவந்தது சாம்பல் நிற மணல், கொஞ்சம் சேறு கலந்தது. அதை வியாகுலத்தின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“இங்க. இங்கயும் மூணு பாகம்தான்.”

அவர் திரும்பிப் பார்த்தார். காற்று வீசும் திசையில், நாற்பது பாகத்துக்கு அப்பால், பார் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது.

“தாயி, இங்கயா?”

“அன்னைக்கு விட்ட மாதிரியே விடுங்க.”

பாயை இறக்கி, ஏழு பாகம் விட்டுக் கட்டினார். வத்தை அலையில் ஏறி ஏறி விழுந்தது.

“இப்பப் போய்ப் பாத்துட்டு வாங்க.”

அவளுடைய முங்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முங்கினார். வத்தை ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கயிறு விறைத்து நேராக மேலே இழுத்தது. நங்கூரம் தலையைத் தூக்கியது. நாக்கு மண்ணைவிட்டு வெளியே வந்தது. விழுந்தது. கீறிக்கொண்டே கொஞ்ச தூரம் போனது. மறுபடி தலையைத் தூக்கியது. அதன் பின்னால் மணலில் நீளமாக ஒரு கோடு.

அருளப்பனோடு போன நங்கூரமும் இப்படித்தான் போயிருக்கும்.

அவர் மேலே வந்து வத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“நடந்து வருது தாயி.”

“கயிறு விடுங்க. ஆழத்துக்கு ஏழு மடங்கு.”

அவர் ஏறிக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். பிடியை மட்டும் விடவில்லை. பார் இப்போது முன்பைவிடக் கிட்டத்தில் இருந்தது. அலை உடையும் சத்தம் காதை அடைத்தது.

“மச்சான், விடாதீங்க,” என்றான் இன்னாசி. அவன் முகம் வெளுத்திருந்தது. “விட்டா நேரா அதுலதான் போய் ஏறுவோம்.”

வியாகுலத்தின் பிடி இன்னும் இறுகியது.

நம்புவள்ளி பாசிப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தாள். அலையோடு நீந்திப் போனாள். நீர் வற்றியிருந்த நேரம். பாரின் மேல் ஏறி, இடுப்பளவு நுரையில், வத்தையின் பின்புறத்துக்கு நேர் எதிரே நின்றாள்.

வத்தை வந்து மோதினால் முதலில் அவள்தான்.

“விடுங்கண்ணே!” அங்கிருந்து கத்தினாள். “இருபத்தொண்ணு!”

“அக்கா, தள்ளிப் போங்க!” இன்னாசி அலறினான்.

அவள் நகரவில்லை.

வியாகுலம் கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டார். பிறகு விட்டார்.

எட்டு. ஒன்பது. பத்து. கயிறு உள்ளங்கையைச் சுட்டது. வத்தை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. பதினைந்து. அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. பதினெட்டு. அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடி தெரிந்தது. இன்னாசி துடுப்பை எடுத்துப் பாரில் ஊன்றத் தயாராக நின்றான்.

இருபத்தொன்று.

கட்டினார்.

கயிறு மெல்ல விறைத்தது. வத்தை ஒரு தடவை உலுக்கியது. முகப்பு காற்றைப் பார்த்துத் திரும்பியது.

நின்றது.

பின்புறத்துக்கும் அவளுக்கும் நடுவே ஆறு பாகம்தான் தண்ணீர்.

ஒரு பெரிய அலை வந்து வத்தையைத் தூக்கிப் போட்டது. நின்றது. அதைவிடப் பெரியது வந்தது. நின்றது.

இன்னாசி மெதுவாகத் துடுப்பைக் கீழே வைத்தான்.

வியாகுலம் யாரிடமும் சொல்லாமல் தண்ணீரில் இறங்கினார். கயிறு போகும் திசையில் நீந்தினார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முங்கினார்.

கீழே சத்தமே இல்லை.

மேலே அத்தனை ஆட்டம். இங்கே சங்கிலி மணலில் படுத்துக் கிடந்தது. கயிறு அதை மேலே தூக்கவில்லை, படுக்கையாகவே இழுத்தது. அதன் மேல் ஒரு சின்ன மீன் நின்றுகொண்டிருந்தது. சங்கிலி போகும் வழியில் அவர் நங்கூரத்தைத் தேடினார்.

நங்கூரம் இல்லை.

சங்கிலி நேராக மண்ணுக்குள் போனது. அவ்வளவுதான்.

அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். ஒரு வத்தை, ஒரு காற்று, இரண்டு உயிர், பாரில் நிற்கும் இன்னொரு உயிர், எல்லாம் அதற்குள்தான் கட்டியிருந்தது. கைக்கு ஓர் அதிர்வுகூட வரவில்லை. மண் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியதுபோல மட்டும் இருந்தது.

மூச்சு முட்டும்வரை கையை எடுக்க மனம் வரவில்லை.

மேலே வந்து கண்ணாடியைக் கழற்றினார். பாரைப் பார்த்தார்.

நம்புவள்ளி வத்தைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து பாசி பறித்துக்கொண்டிருந்தாள்.