பின்வாசலை அடைத்த கிழங்கு

குளக்கரை மேட்டில் ஏழு வளைகள் இருந்தன. ஏழு வீட்டிலும் ஒரே பயம்தான். ஒற்றைப்பல்லன்!

அது ஒரு கிழட்டுக் காட்டுப்பன்றி. எங்கே கிழங்கு அழுகி வாடை வந்தாலும் மோப்பம் பிடித்து வந்துவிடும். மண்ணைக் கிண்டி, கிழங்கோடு குட்டிகளையும் சேர்த்துத் தின்றுவிடும். போன மழைக்காலத்தில் ஓர் எலிக் குடும்பமே இல்லாமல் போயிற்று. சொல்லவே மனசு பதறுகிறது.

அதைப் பார்த்த பிறகுதான் மூஞ்சூறு செவந்தி ஒரு சின்னத் தொழில் தொடங்கினாள். பெயர்தான் செவந்தி. அவள் மேல் வீசும் வாடை ஊரறிந்தது! ஆனால் அந்த மூக்குக்கு ஈடு கிடையாது. தினமும் காலையில் வீடு வீடாகப் போய்ச் சேமிப்பறையை மோந்து பார்ப்பாள்.

"இந்தக் கிழங்கை இன்னிக்கே தின்னுடுங்க. அது நாலு நாள் தாங்கும். இது உங்களுக்கு மிச்சம், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துடலாமா?" என்பாள். கூலி, தானியத்தில் நெளியும் புழுவும் வண்டும்.

"எதுவும் கெடலைன்னா புழு ஏது? உன் வயிறு காயுமே செவந்தி!" என்றான் முள்ளம்பன்றி வீரணன்.

"காயட்டும் அண்ணே! அந்தப் பன்னி வராம இருந்தா போதும். நானும் இந்த மேட்டுலதானே இருக்கேன்!"

ஆறு வீடுகளில் வாடை நின்றது. ஏழாவது வீடு வெள்ளெலி முத்தழகுவுடையது. மூன்று குட்டிகளுக்குத் தாய். மேட்டிலேயே சுத்தமான வீடு என்று பெயர் வாங்கியவள். பெயர் வாங்கினால் போதுமா? கண்ணில் பட்ட கிழங்கையெல்லாம் இழுத்து வருவாள். தின்ன முடியாது, அழுகும். செவந்தி வரும் சத்தம் கேட்டதும் அழுகியதை அள்ளிப் பின்வாசல் சுரங்கத்தில் திணிப்பாள். மேலே மண்ணைப் போட்டு மூடுவாள்.

"எங்க வீட்டுல ஒரு துண்டுகூட வீணாகாது!" என்பாள்.

செவந்தி மூக்கைச் சுளித்தாள். "அக்கா, பின்னால ஏதோ வாடை வருதே?"

"அது உன் மேல வர்ற நாத்தம்டி! என் வீட்டைக் குறை சொல்ல வந்துட்டா!"

செவந்திக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஒருவேளை தன் வாடைதானோ? வெளியே போய்விட்டாள். முத்தழகு அன்றே அவள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மழை தூறி, சுள்ளென்று வெயில் அடித்தது. புழுக்கத்தில் வாடை கிளம்பியது. நடுப்பகலில் மேடு அதிர்ந்தது. திம்! திம்!

"ஒற்றைப்பல்லன்! உள்ளே ஓடுங்க!"

ஏழு வீடும் மூச்சை அடக்கின. முதல் வளை வாசலில் பன்றி மூக்கை உறிஞ்சியது. நகர்ந்தது. இரண்டாவது, மூன்றாவது... ஆறாவதையும் தாண்டியது. முத்தழகு வீட்டு வாசலில் நின்றது.

கரகரவென்று மண் சரிந்தது. கூரை பிளந்து வெளிச்சம் விழுந்தது. அந்த ஒற்றைப் பல் தெரிந்தது!

"அம்மா! அம்மா!" குட்டிகள் அலறின.

"பின்வாசல் வழியா வந்துடு முத்தழகு! நாங்க இங்க நிக்கிறோம்!" செவந்தியோடு பின்பக்கம் ஓடி வந்திருந்த வீரணன் வெளியிலிருந்து கத்தினான்.

எப்படி வருவது? அவளே அடைத்த வாசல் அல்லவா! சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் பிள்ளைகள் போகும். பன்றியின் மூச்சு சூடாகக் குட்டியின் முதுகில் பட்டது.

"ஐயோ, வழி அடைச்சிருக்கு!" என்று வீறிட்டாள். "நான்தான் அடைச்சேன்! அழுகின கிழங்கு! செவந்தி, நீ சொன்னது நிஜம்டி! என் புள்ளைங்களைக் காப்பாத்து!"

செவந்தி ஒரு நொடிகூட நிற்கவில்லை. அந்த நாற்றத்துக்குள் தலையை விட்டாள். "இங்க மண்ணு இளக்கம் அண்ணே, இங்க தோண்டுங்க!" வீரணன் வெளியிலிருந்து பறித்தான். முத்தழகு உள்ளிருந்து பிறாண்டினாள். கொழகொழவென்று கிழங்குகள் சரிந்து மேட்டுக்குக் கீழே பள்ளத்தில் உருண்டன.

வாடை குப்பென்று அடித்ததும் பன்றி தலையைத் திருப்பியது. வளையை விட்டுவிட்டுப் பள்ளத்தை நோக்கி ஓடியது. அந்த இடைவெளியில் மூன்று குட்டிகளையும் இழுத்துக்கொண்டு புதருக்குள் பாய்ந்தார்கள். மண் சரிந்ததில் கடைக்குட்டிக்குப் பின்னங்கால் ஒடிந்திருந்தது. வீடு இருந்த இடத்தில் குழிதான் மிச்சம்.

பத்து நாளில் புது வளை தயாரானது. காலையில் செவந்தி வந்து வாசலில் தயங்கினாள். கடைக்குட்டி நொண்டிக்கொண்டே வந்து அவளை உள்ளே இழுத்தது.

"வாடி தங்கச்சி," என்றாள் முத்தழகு. "முதல்ல பின்வாசலைப் பாரு. அப்புறம் மத்தது."

உதவ வந்தவரிடம் மானத்துக்குப் பயந்து நம் குறையை மறைத்தால், தப்பிக்க இருக்கும் வழியை நாமே அடைத்துக்கொள்கிறோம்.