தோற்கப் பழகிய பிள்ளைகள்

ராஜாக்கள் வாய் திறந்து சொன்னதெல்லாம் சட்டமாக இருந்த காலத்தில், ஆற்றங்கரையில் தலைநகர் அமைத்துப் பூதலராயர் என்ற ராஜா ஒரு நாட்டை ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். வரி கேட்டு யாரையும் வதைத்ததில்லை. வழக்கென்று வந்தவரை வாசலில் காக்க வைத்ததில்லை. ஆனால் ஒரே மகன் அமுதராயன் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பையனை அரண்மனைப் பள்ளியில் சேர்த்த அன்றே பிரதானி நாகலிங்கனாரை அழைத்தார்.

"பிரதானியாரே, பௌர்ணமிதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வையுங்கள். கணக்கு, ஓட்டம், நீச்சல் எல்லாம் நடக்கட்டும். ஆனால் இளவரசன் எதிலும் தோற்கக் கூடாது."

"உத்தரவு, மகாராஜா" என்றார் பிரதானி. எப்படி என்று அவர் கேட்கவில்லை. பள்ளியில் படித்த பிள்ளைகளெல்லாம் அரண்மனை உத்தியோகஸ்தர்களின் பிள்ளைகள். அப்பன்மார்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். அதோடு முடிந்தது.

அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் பிள்ளைகள் படித்ததைவிடத் தோற்கப் பழகியதுதான் அதிகம். வெளியே தெரியாமல் தோற்க வேண்டும், மிகவும் பின்தங்கிவிடாமல் ஒரு கை தூரத்தில் தோற்க வேண்டும். நேர்த்தியாகத் தோற்ற பிள்ளைக்குப் பிரதானி தம் கையாலேயே சரிகைத் துண்டு போர்த்துவார். அவருடைய மகன் சிவக்கொழுந்துதான் அதில் கைதேர்ந்தவன். எல்லாவற்றிலும் இரண்டாவதாக வருவான். இளவரசனுக்கோ ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு வெள்ளிக் கிண்ணம், ஒரு மேளம், ஒரு மாலை. கிண்ணங்களை அடுக்க அவன் அறையில் இடம் போதவில்லை. அவற்றைப் பார்த்துப் பார்த்து ராஜாவும் தம் உத்தரவை மறந்து, மகன் மெய்யாகவே ஜெயிக்கிறான் என்று நம்பிவிட்டார்.

அந்தச் சபையில் மாசிலாமணி என்றொரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. ராஜா மற்றவர் பேச்சைப் பாதியில் நிறுத்துவார், இவன் பேச்சைக் கடைசிவரை கேட்பார். பிரதானிக்கு அது பிடிக்காது.

மாசிலாமணிக்குப் பவளம் என்று ஒரு மகள். ஆற்றோரத்தில் பரிசல் ஓட்டும் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவள். நடக்கத் தெரிந்த கையோடு நீந்தவும் தெரிந்துகொண்டவள். படிக்கும் வயது வந்ததும் அவளை ராஜாவே சொல்லி அரண்மனைப் பள்ளியில் சேர்த்தார். அந்தப் பள்ளியின் வழக்கத்தை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் பௌர்ணமி. அரண்மனைக் குளத்தில் நீச்சல். முரசு தட்டியதும் பவளம் தண்ணீரில் விழுந்தாள். எதிர்ப்படியைத் தொட்டு ஏறி நின்று திரும்பிப் பார்த்தாள். மற்றவர்கள் நடுக்குளத்தில் இருந்தார்கள்.

"சீக்கிரம் வாங்க!" என்று கைதட்டிக் கூப்பிட்டாள்.

கரையில் ஒருவரும் கைதட்டவில்லை. ராஜாவின் முகம் கறுத்தது. பிரதானி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்தப் பெண் முரசுக்கு முன்பே குதித்துவிட்டாள், கணக்கில் சேராது" என்று அறிவித்தார். கிண்ணம் வழக்கம்போல இளவரசனுக்குப் போனது. கிண்ணத்தை வாங்கும்போது அமுதராயன் அதைப் பார்க்கவில்லை, பவளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் பிரதானி மாசிலாமணியைத் தனியே ஒதுக்கினார். "ஓய், உம் விகடமெல்லாம் உம்மோடு இருக்கட்டும். பெண்ணுக்குப் புத்தி சொல்லும். அடுத்த முறை இப்படி நடந்தால் மகாராஜா சிரிக்க மாட்டார்."

மாசிலாமணி ஊரையே சிரிக்க வைப்பவன். ஆனால் வீட்டுக்குப் போய் மகள் எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துத்தான் பேசினான்.

"பவளம், அடுத்த தடவை கொஞ்சம் மெதுவாப் போம்மா."

"ஏம்ப்பா? நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டேனா?"

"தப்பு இல்ல. இளவரசர்தான் முதல்ல வரணும். அது இங்க வழக்கம்."

"நான் மெதுவாப் போனா அவருக்கு நீச்சல் வந்துடுமா?"

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவள் அப்பா சொல்லைத் தட்டவில்லை. அடுத்த பௌர்ணமிக்கும் அதற்கடுத்ததற்கும் மெதுவாகப் போனாள். ஒருமுறை அவளுக்கும் சரிகைத் துண்டு கிடைத்தது. அதை வீட்டில் எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருநாள் தாய்மாமன் வந்து, "வா புள்ள, ஆத்துக்குப் போய்க் குளிச்சிட்டு வரலாம்" என்று கூப்பிட்டபோது, தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு நீச்சல் சரியா வராது மாமா" என்றாள்.

அவள் பொய்யாகச் சொல்லவில்லை, அப்படியே நம்பித்தான் சொன்னாள் என்பது மாசிலாமணிக்குப் புரிந்தது.

ஆடி பிறந்தது. மேற்கே மழை கொட்டி, ஆறு செம்மண் நிறத்தில் இரு கரையும் தொட்டு ஓடியது. சபையில் ராஜா எழுந்து நின்று அறிவித்தார்:

"ஆடிப் பெருக்கன்று நம் இளவரசன் ஊரார் எல்லோரும் பார்க்க ஆற்றை நீந்திக் கடப்பான். பள்ளிப் பிள்ளைகள் அவனோடு நீந்தி வரட்டும். அக்கரை மண்டபத்தில் அவனுக்குப் பொற்கிண்ணம் காத்திருக்கும்."

சபை வாழ்த்தியது. வாழ்த்திய அத்தனை பேருக்கும் இளவரசனின் நீச்சல் எவ்வளவென்று தெரியும். குளத்தைத் தாண்டுவதற்குள் அவனுக்கு மூச்சு முட்டும். மாசிலாமணி எழுந்தான்.

"மகாராஜா, ஆற்றில் வெள்ளம் அதிகம். தை மாதத்தில் வைத்துக்கொண்டால்..."

"என் மகனால் முடியாது என்கிறாயா?"

ராஜாவின் குரலில் விளையாட்டு இல்லை. பிரதானி அந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர்போல முன்னால் வந்தார்.

"இளவரசர்மேல் மாசிலாமணிக்கு நம்பிக்கை இல்லை போலும். விழாப் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள், மகாராஜா. குறை நேர்ந்தால் அவர் தலை பதில் சொல்லட்டும்."

பையன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியதும் பயந்து திரும்பிவிடுவான், பழி விகடகவியின் தலையில் விழும் என்பது பிரதானியின் கணக்கு. தண்ணீரின் இழுப்பை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. ராஜா சம்மதித்தார்.

"ஆனால் ஒன்று, மாசிலாமணி. இளவரசனுக்கு முன்னால் ஒரு தலைகூடத் தெரியக் கூடாது. பிள்ளைகள் எல்லோரும் அவன் பின்னால்தான் வர வேண்டும்."

"எந்தக் காரணத்துக்காகவும் யாரும் அவரைத் தாண்டக் கூடாதா, மகாராஜா?"

"எந்தக் காரணத்துக்காகவும்."

"தங்கள் ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறேன்" என்று மாசிலாமணி கும்பிட்டான்.

ஆடிப் பெருக்கன்று படித்துறையில் எள் போட்டால் விழ இடமில்லை. ராஜா ஆசனத்தில் அமர்ந்திருந்தார். இளவரசன் மேல்துண்டைக் களைந்துவிட்டு முதல் படியில் நின்றான். பெரியவர்கள் சொன்னதை நம்பிய பிள்ளை. ஆனால் தண்ணீரைப் பார்த்ததும் அவன் உதடு உலர்ந்துபோனது. பின்னால் சிவக்கொழுந்து, பவளம், மற்றப் பிள்ளைகள்.

மாசிலாமணி ஒரு நீண்ட கயிற்றைத் தோளில் சுமந்து வந்தான். அதன் முனையை இளவரசனின் இடுப்பில் கட்டினான். ஒரு முழம் விட்டுச் சிவக்கொழுந்தின் இடுப்பில் ஒரு முடிச்சு. அடுத்தது பவளம். அவள் இடுப்பில் போட்ட முடிச்சை மட்டும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

"அப்பா," என்று அவள் கிசுகிசுத்தாள், "அவரால ஆவாதுப்பா."

"தெரியும்மா. சும்மா நில்லு."

பிரதானி படியிறங்கி ஓடிவந்தார். "என்ன காரியம் செய்கிறீர்?"

"ராஜ ஆணை. இளவரசரை யாரும் தாண்டக் கூடாது. கட்டிப் போட்டால் எப்படித் தாண்டுவார்கள்? அவர் வேகமாகப் போனால் இவர்களும் போவார்கள். அவர் நின்றால் இவர்களும் நிற்பார்கள்."

"அவர்..." பிரதானியின் குரல் அடங்கியது. "நடு ஆற்றில் அவர் நின்றுவிட்டால்?"

"இளவரசரா? நாட்டிலேயே சிறந்த நீச்சல்காரர் என்று பௌர்ணமிதோறும் அறிவிப்பது நீர்தானே?"

"என் மகனை மட்டும் அவிழ்த்துவிடும், மாசிலாமணி. கும்பிட்டுக் கேட்கிறேன்."

"காரணத்தை உரக்கச் சொல்லும். ஆணை மகாராஜாவுடையது. அவர் காதில் விழட்டும்."

சிவக்கொழுந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்க்காமல் இருக்கத்தான் அவனைப் பழக்கியிருந்தார்கள். மேலே முரசுக்காரன் கோலை ஓங்கினான்.

"நிறுத்து!" என்று அலறிக்கொண்டு பிரதானி படியேறி ராஜாவின் காலில் விழுந்தார். "மகாராஜா, என்னைக் கழுவில் ஏற்றுங்கள், ஆனால் பிள்ளைகளை ஆற்றில் இறக்காதீர்கள். இளவரசரால் பாதி ஆறுகூடத் தாண்ட முடியாது. அவர் ஒரு போட்டியிலும் ஜெயித்ததில்லை. நாங்கள்தான் எங்கள் பிள்ளைகளைத் தோற்க வைத்தோம்!"

மற்ற அப்பன்மார்களும் ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள். ராஜா எழுந்தார். அவர் கோபம் முதலில் மாசிலாமணிமேல் பாய்ந்தது.

"இது தெரிந்துமா என் மகனைக் கட்டி ஆற்றில் இறக்கப் பார்த்தாய்?"

"கயிற்றின் மறுமுனையைப் பாருங்கள், மகாராஜா" என்றான் மாசிலாமணி.

எல்லோரும் திரும்பினார்கள். கயிறு பிள்ளைகளின் வரிசையோடு முடியவில்லை. கூட்டத்தின் காலடியில் நெளிந்து போய், கரையிலிருந்த பெரிய மருதமரத்தைச் சுற்றியிருந்தது. அங்கே பவளத்தின் தாய்மாமனும் பரிசல்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு பிள்ளையும் ஆழத்துக்குப் போயிருக்காது. முடியாது என்று நான் சொன்னால் தாங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். தோற்க வைத்தவர் வாயாலேயே உண்மை வர வேண்டியிருந்தது. நானும் இதில் குற்றவாளிதான், மகாராஜா. என் மகளுக்கும் மெதுவாகப் போகச் சொல்லிக் கொடுத்தேன்."

ராஜாவின் கண் மகன்மேல் இருந்தது. அமுதராயன் தன் இடுப்பு முடிச்சைத் தானே அவிழ்த்துவிட்டுச் சிவக்கொழுந்தின் எதிரே போய் நின்றான்.

"நீ என்னைவிட வேகமா?"

சிவக்கொழுந்து அப்பாவைத் தேடினான்.

"அவரைப் பார்க்காதே. என்னைப் பார்த்துச் சொல்."

"தெரியாது, இளவரசே" என்றான் அவன். "நான் ஒருநாள்கூட முழு வேகத்தில் நீந்தினதில்லை."

தரையில் கிடந்த பிரதானி முகத்தை மூடிக்கொண்டார். இளவரசன் பவளத்திடம் திரும்பினான். "நீயாவது சொல். எனக்கு நீச்சல் வருமா?"

அவள் ஒரு கணம் தன் அப்பாவைப் பார்த்தாள். மாசிலாமணி தலையசைத்தான்.

"கை நல்லா வீசுறீங்க. மூச்சு விடத் தெரியல. தலையைத் தூக்கிக்கிட்டே போறீங்க, அதான் சீக்கிரம் களைச்சுப் போறீங்க. யாருமே சொல்லித் தரலையா?"

"நான்தான் எப்போதும் ஜெயிக்கிறேனே, யார் சொல்லித் தருவார்கள்?" என்றவன், ராஜாவை நிமிர்ந்து பார்த்தான். "அப்பா, என் அறையில் இருக்கிற கிண்ணமெல்லாம் யாருடையவை?"

அத்தனை கூட்டத்துக்கு நடுவே ராஜா படியிறங்கி வந்து மகன் பக்கத்தில் ஈரப் படியில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தார்.

"சின்ன வயதில் என்னை எல்லோரும் ஜெயித்தார்கள், அமுதா. என் அப்பா சபையில் என்னை நிறுத்திவைத்துச் சிரித்தார். அன்று எனக்கு இருந்த முகம் உனக்கு வரக் கூடாது என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை."

பையன் அழவில்லை. அப்பாவின் கையைத் தட்டிவிடவும் இல்லை. அன்று ஆற்றில் யாரும் நீந்தவில்லை. ஊரார் காவிரிக்குப் படைப்பதுபோலத் தங்கள் ஆற்றுக்கும் பூவும் மஞ்சளும் படைத்துவிட்டு, அடங்கிய குரலில் பேசியபடி கலைந்தார்கள். ராஜா யாரையும் தண்டிக்கவில்லை. ஆணை தம்முடையது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் இளவரசனே பிள்ளைகளை அரண்மனைக் குளத்துக்குக் கூப்பிட்டான். முரசு வேண்டாம், மாலை வேண்டாம் என்றுவிட்டான். ராஜாவும் மாசிலாமணியும் பிரதானியும் படியில் நின்று பார்த்தார்கள்.

பவளம் முதலில் தயங்கித் தயங்கித்தான் போனாள். நடுக்குளத்தில் அவள் கைக்குப் பழைய வீச்சு வந்தது. மாசிலாமணி தன்னையறியாமல் ஒரு படி முன்னால் வந்தான். அவள் பக்கத்திலேயே சிவக்கொழுந்து. அப்படி ஒரு வேகம் மகனுக்கு உண்டென்று பிரதானிக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் எதிர்ப்படி கையெட்டும் தூரத்துக்கு வந்ததும் பையன் சட்டென்று நின்றுவிட்டான். பழக்கதோஷம். திரும்பி இளவரசன் எங்கே என்று பார்த்தான்.

வெகு பின்னாலிருந்து, வாய் நிறையத் தண்ணீரோடு அமுதராயன் கத்தினான்: "நிற்காதேடா! போடா!"

சிவக்கொழுந்து ஒரே எட்டில் படியைத் தொட்டான். பவளம் ஏற்கனவே தொட்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். எல்லோருக்கும் கடைசியாக, இருமிக்கொண்டே இளவரசன் வந்தான்.

அவன் முகம் சுருங்கியது. ராஜா வாழ்நாளெல்லாம் எதைப் பார்க்கப் பயந்தாரோ அதே முகம். அவரால் பொறுக்க முடியவில்லை. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக்கொண்டு குளத்தைச் சுற்றி மகனிடம் விரைந்தார். போய்ச் சேர்வதற்குள் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பவளத்திடம், "மூச்சு எப்போது விட வேண்டும்? மறுபடி காட்டு" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் காட்டினாள். இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். ராஜா வந்து நின்றதை அவன் பார்க்கவேயில்லை.

ராஜா கையில் மாலையோடு படியில் நின்றார். கொடுக்க ஆளில்லை. மாசிலாமணி மெல்ல அவர் பக்கத்தில் வந்தான்.

"மகாராஜா, திருக்கரம் வலிக்குமே" என்றான்.

ராஜா அவனைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெகுநாளாக அரண்மனை அந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை.

"யாருக்காவது போடாவிட்டால் என் கை சும்மா இருக்காது, மாசிலாமணி. கழுத்தை நீட்டு!" என்று சொல்லி, மாலையை அவன் கழுத்தில் போட்டார்.