முள்ளில் குத்திய பட இலைகள்

ஆம்பல் குளத்தங்கரைக் காட்டில் அஞ்சலை என்ற முள்ளம்பன்றி குடுவை விற்று வந்தது.

குடுவை என்றால் சுரைக்குடுவை. அடைமழைக் காலத்தில் தானியம் நனையக்கூடாது அல்லவா? குடுவைக்குள் போட்டு மூடி, மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டால் மழை முடியும்வரை கவலையில்லை. குடுவைகளைச் செய்தது நரி ஏகாம்பரம். செய்கிற இடத்துக்கு யாரையும் விடாது. "தொழில் ரகசியம்!" என்று சொல்லி வாசலை வாலால் மறைத்துக்கொள்ளும்.

கடை எதுவும் கிடையாது. யாராவது ஒருவர் தன் வீட்டுக்கு அக்கம்பக்கத்தைக் கூப்பிட வேண்டும். வந்தவர்களுக்குத் தின்ன ஏதாவது வைக்க வேண்டும். அஞ்சலை குடுவைகளை நடுவில் பரப்பி வைத்துப் பேசும். பிடித்தவர்கள் தானியம் கொடுத்து வாங்குவார்கள். கூப்பிட்ட வீட்டுக்கு ஒரு சின்னக் குடுவை இலவசம்.

நம் ஊரில் இதுபோல வீட்டு விற்பனைக்குக் கூடினால் கேட்டலாக் என்று பொருள்களின் படம் போட்ட தாள் கொடுப்பார்களே, அதுவும் அங்கே உண்டு. பலா இலையில் முள்ளால் கீறி வரைந்த படம். கொட்டுகிற மழை, நடுவில் ஒரு குடுவை, அதற்குள் சொட்டு ஈரமில்லாத தானியம். படம் வரைந்தது ஏகாம்பரம். வரைந்த முள் அஞ்சலையின் முதுகிலிருந்து உதிர்ந்தது. அதற்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை அந்த நரி.

அந்த இலைகளை அஞ்சலை தன் முதுகு முட்களில் குத்திச் சுமந்து போகும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு புதரே எழுந்து நடந்து வருவதுபோல இருக்கும்.

ஏகாம்பரம் ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தது. "வாசல்ல கால் வைச்சதும் படத்தைக் கையில கொடுத்துடணும். உட்கார்றதுக்கு முன்னாடியே கொடுத்துடணும்!"

"சரிங்க மொதலாளி" என்றது அஞ்சலை. அது குடியிருந்த வளை ஏகாம்பரத்தின் மேட்டில் இருந்தது. வேலை இருக்கும்வரைதான் வளை. ஆகவே எதற்கெடுத்தாலும் "சரிங்க மொதலாளி"தான்.

முதல் விற்பனை மயில் ராசாத்தி வீட்டில் நடந்தது. வந்தவர்கள் கையில் எல்லாம் அஞ்சலை படத்தைக் கொடுத்தது. பிறகு நடுவில் நின்று பேசத் தொடங்கியது.

"இந்தக் குடுவையப் பாருங்க..."

யார் பார்த்தார்கள்? அத்தனை தலையும் குனிந்திருந்தது. "ஐயோ, எவ்வளவு அழகு!" என்றது ராசாத்தி, படத்தைப் பார்த்து. "எனக்கு இது வேணும்!" என்றது முயல், அதுவும் படத்தைத் தொட்டுக் காட்டி. மான் பூங்காவனம் படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தது. பிறகு ஓரத்தைக் கடித்து மென்றது. பலா இலையை மான் கையில் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

நடுவில் இருந்த குடுவையை ஒருவரும் தொடவில்லை. ஆனாலும் எல்லாம் விற்றுப்போயின. அஞ்சலைக்கு மனசு என்னவோ போல இருந்தது. தொண்டை வறளப் பேசியதை ஒரு ஆள் நிமிர்ந்து கேட்கவில்லையே!

சில நாளில் ஒரு கோடை மழை பெய்தது. மூன்றாம் நாள் ராசாத்தி குடுவையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றது.

"இது என்ன அஞ்சலை, குடுவையா நாற்றங்காலா? உள்ள பாரு!"

உள்ளே தினை முழுக்க முளைவிட்டிருந்தது. அஞ்சலைக்கு முகத்தைக் காட்ட முடியவில்லை. ராசாத்தி போன பிறகு குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. நகத்தால் சுரண்டியது. மேலே பூசிய செங்காவி உதிர்ந்தது. அடியில் பெரிய ஓட்டை! அதை அடைத்திருந்த களிமண் மழையில் ஊறிக் கசிந்திருந்தது.

குடுவையை உருட்டிக்கொண்டு அஞ்சலை நரியிடம் ஓடியது.

"மொதலாளி, இது ஓட்டைக் குடுவைங்க!"

"எல்லாமே ஓட்டைதான்" என்றது ஏகாம்பரம், கொட்டாவி விட்டபடி. "அழுகிப்போன சுரைக்காயெல்லாம் குளத்தங்கரையில சும்மா கிடக்குது. நல்ல காயைத் தேடி யாரு அலையறது?"

"யாராவது தொட்டுப் பார்த்தா தெரிஞ்சுடாதா?"

நரி சிரித்தது. "அதுக்குத்தான் அம்மணி படம்! கையில படம் இருந்தா கண்ணு பொருள் மேல போகாது. முதல்லயே கொடுக்கச் சொன்னது ஏன்னு நினைச்சே? ராசாத்தி கேட்டா மூடி சரியா மூடலைன்னு சொல்லு. அடுத்த விற்பனை எங்கே?"

அடுத்த விற்பனை காத்தாயி வீட்டில்.

காத்தாயி ஒரு வயல் எலி. பிள்ளைக்குட்டிக்காரி. போன அடைமழையில் அதன் வளைக்குள் வெள்ளம் புகுந்து தானியமெல்லாம் அழுகிப்போனது. பசியில் இரண்டு குட்டிகள் செத்துப்போயின. அதனால் இந்த வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கம்பு சேர்த்திருந்தது. பாதியைக் கொடுத்துப் பெரிய குடுவை வாங்கி, மீதியை அதற்குள் போட்டு மரத்தில் கட்டுவது என்று முடிவு செய்திருந்தது. வாங்கும் குடுவை ஓட்டை என்றால்?

அஞ்சலை நேராகக் காத்தாயியிடம் போய் விஷயத்தைச் சொன்னது.

காத்தாயி நம்பவில்லை. "என்னக்கா நீ? ஏகாம்பரம் ஐயா முன்கூட்டியே படம் கொடுத்துட்டுப் போயிருக்காரே! பாரு, வாசல்ல குத்தி வச்சிருக்கேன். பிள்ளைங்க தூங்கறதுக்கு முன்னாடி அதைத்தான் பாக்குதுங்க. எவ்வளவு மழை பெய்யுது, ஒரு சொட்டு உள்ள போகுதா பாரு!"

"அது படம்டீ!"

"ராசாத்தி மூடியைச் சரியா மூடலையாம். ஐயா சொன்னாரு."

அஞ்சலை திரும்பி நடந்தது. வாயால் சொல்லி வேலைக்கு ஆகாது என்று அதற்குப் புரிந்துவிட்டது. வழியில் ஏகாம்பரம் நின்றிருந்தது. யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

"அஞ்சலை, நாளைக்கு நானே வந்து உட்காரப் போறேன். வந்தவங்க கையில முதல்ல படம் போகலைன்னா, நீ அந்த வளைக்குத் திரும்பி வர வேண்டாம். மழை வேற வருது. யோசிச்சுக்கோ!"

அஞ்சலை யோசித்தது. வளை கதகதப்பானது. பல மழைக்காலம் பார்த்தது. வானத்தில் மேகம் வேறு திரண்டுகொண்டிருந்தது. பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று யார் சொன்னார்கள்? ஆனால் காத்தாயியின் குட்டிகள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே தூங்குவதை நினைத்தபோது பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

மறுநாள் காத்தாயி வீட்டு வாசலில், குளத்தங்கரை நாவல் மரத்தடியில் கூட்டம் கூடியது. காத்தாயி இருந்த கம்பில் கொஞ்சம் எடுத்து எல்லோருக்கும் வைத்தது. மான் பூங்காவனம் வந்தது. முயல் வந்தது. ராசாத்தி முறைத்துக்கொண்டே வந்தது. ஏகாம்பரம் முன்வரிசையில் வாலைச் சுருட்டி உட்கார்ந்தது. அஞ்சலை முதுகு நிறையப் பட இலைகளோடு வந்து நின்றது.

"ம், கொடு!" என்றது நரி.

"மாட்டேன்!" என்றது அஞ்சலை.

கூட்டம் திடுக்கிட்டது.

"முதல்ல எல்லாரும் குடுவையத் தொடுங்க. தட்டிப் பாருங்க. தூக்கிப் பாருங்க. குளத்துத் தண்ணியில போட்டுப் பாருங்க. அதுக்கப்புறம்தான் படம்!"

"வந்தவங்களுக்குப் படம்கூட இல்லையா?" என்றது முயல்.

"நான் அதுக்காகவே வந்தேன்!" என்றது மான்.

காத்தாயிக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா, என் வீட்டு வாசல்ல வச்சு இப்படி மானத்தை வாங்குறியே! கொடுத்துடுக்கா!"

"படம் கொடு! படம் கொடு!" என்று கூட்டம் கத்தியது. ஏகாம்பரம் புன்னகை செய்தது. பார்த்தாயா, வாங்குகிறவர்களே என் பக்கம் என்பதுபோல.

அஞ்சலை அசையவில்லை. "நீங்க எல்லாரும் சேர்ந்து கேட்டாலும் மாட்டேன்! உங்களுக்காகத்தான் மாட்டேன்!"

"ஏய்!" என்று நரி எழுந்தது. "உன் முதுகில இருக்குறது என் படம். நானே எடுத்துக்கிறேன்!"

"தாராளமா எடுத்துக்கோ ஏகாம்பரம்!" என்றது அஞ்சலை. மொதலாளி போய் ஏகாம்பரம் ஆகிவிட்டதைக் கூட்டம் கவனித்தது. அஞ்சலை திரும்பி முதுகைக் காட்டி, முட்களைச் சிலிர்த்துக் கிலுகிலுவென ஆட்டியது. ஆத்திரத்தில் நரி பாய்ந்தது. ஒரு இலை வாயோடு வந்தது. மூக்கோடு இரண்டு முள் வந்தது. "ஐயோ! அம்மா!" என்று நரி சுற்றிச் சுற்றி வந்தது.

அந்த நேரத்தில் அஞ்சலை ஒரு குடுவையை மூக்கால் தள்ளி உருட்டிக் குளத்தில் விட்டது. நல்ல குடுவை மிதக்கும். இது கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு அடியிலிருந்து பழுப்பாக ஏதோ கரைந்து பரவியது. "குடுகுடு" என்று குமிழி விட்டபடி குடுவை மூழ்கிப்போனது.

இப்போது எல்லாத் தலையும் நிமிர்ந்திருந்தது.

"உள்ள கல்லைப் போட்டிருப்பா!" என்று நரி கத்தியது, மூக்கைப் பிடித்தபடி.

"அப்ப காத்தாயியே ஒண்ணு எடுத்துப் போடட்டும்" என்றது அஞ்சலை.

காத்தாயி மெதுவாக எழுந்தது. தான் வாங்குவதற்குக் கண் வைத்திருந்த பெரிய குடுவையிடம் போனது. முதல் முறையாக அதைத் தொட்டது. உள்ளே எட்டிப் பார்த்தது. கல் இல்லை. தானே தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டது. அதுவும் குடுகுடுவென்று மூழ்கியது. காத்தாயி கரையில் நின்று குமிழிகளையே பார்த்தது.

"என் பிள்ளைங்க..." என்றது.

"இப்ப படம் தர்றேன்" என்றது அஞ்சலை. முதுகைக் குலுக்கி இலைகளை உதிர்த்து ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்தது. எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். குளத்தைப் பார்த்தார்கள். மறுபடி படத்தைப் பார்த்தார்கள். ராசாத்தி தன் இலையை நரியின் முகத்துக்கு நேராக நீட்டியது. "மூடியைச் சரியா மூடலையா நானு?"

மான் மட்டும் தன் இலையை முழுசாகத் தின்று முடித்தது. "இதுக்காவது உதவிச்சே" என்றது.

கூட்டம் மொத்தமும் எழுந்து நரியை நோக்கி நடந்தது. ஏகாம்பரம் பின்வாங்கியது. ஓடும்போதுகூட வாயை மூடவில்லை. "அந்த வளை என்னோடது! இனிமே உனக்கு அங்க இடமில்லை! மழையில நனைஞ்சு சாவு!"

"எடுத்துக்கோ!" என்று அஞ்சலை அதே சத்தத்தில் கத்தியது. "வளைதானே உன்னோடது? தோண்டுற கால் என்னோடது!"

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. அஞ்சலை நாவல் மரத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் சேற்றை வாரி வாரித் தோண்டியது. நனைந்து, நடுங்கி, முணுமுணுத்துக்கொண்டே தோண்டியது. பக்கத்தில் யாரோ மண் தள்ளும் சத்தம் கேட்டது. காத்தாயி! பின்னால் அதன் குட்டிகள் எல்லாம் வரிசையாக.

"நான் உன்னை நம்பலையேக்கா" என்றது காத்தாயி.

"பேசாம தோண்டுடீ. மழை வலுக்குது" என்றது அஞ்சலை.

எலிகளுக்குத் தோண்டக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? வளை எல்லோருக்கும் போதும்படி பெரிதாகவே அமைந்தது. மேட்டில் இருந்ததால் வெள்ளமும் ஏறவில்லை. காத்தாயியின் மீதிக் கம்பு முழுவதும் அங்கேயே ஒரு மூலையில் காய்ந்து கிடந்தது. அந்த அடைமழையில் ஒரு குட்டிகூடப் பட்டினி கிடக்கவில்லை.

மழை விட்டதும் அஞ்சலை நல்ல சுரைக்காய்களாகத் தேடிப் பொறுக்கியது. காயவைத்து, தேன்மெழுகு பூசி, தானே குடுவை விற்றது. விற்பனைக்குப் போகிற வீட்டில் முதலில் ஒரு தொட்டித் தண்ணீரை நடுவில் வைக்கச் சொல்லும். யாராவது "படம் எங்கே?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "முதல்ல தண்ணியில முக்கு!"

ஒருநாள் காகம் ஒன்று ஏகாம்பரத்திடமிருந்து தூது கொண்டுவந்தது. "நடந்ததை மறந்துடலாமாம். பழைய வளையைத் திருப்பித் தர்றாராம். அது எவ்வளவு விசாலமா இருக்குன்னு படம்கூட வரைஞ்சு அனுப்பியிருக்காரு, பாரு!"

அஞ்சலை அந்த இலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வாங்கி நேராகப் பக்கத்தில் நின்ற மானிடம் கொடுத்தது.

"போய்ச் சொல்லு" என்றது காகத்திடம். "ஏகாம்பரம் முதல்ல தன் குடுவையில ஒண்ணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இந்தக் குளத்தைத் தாண்டி வரட்டும். வந்து சேர்ந்தா மத்ததைப் பேசிக்கலாம்!"

நரி இன்றுவரை வரவில்லை.

பொருளை நம் கையில் கொடுப்பதற்கு முன்பே படத்தைத் திணிக்கிறவர் எதையோ மறைக்கிறார். அவர் எத்தனை பெரியவராக இருந்தாலும், முதலில் பொருளைத் தொட்டுப் பார்ப்பேன் என்று சொல்ல ஒருநாளும் அஞ்சக்கூடாது.