ஏரி வீட்டுக்குக் குடிவந்தவர்கள்

குறும்பொறை நாட்டை ஆண்ட இளம்பரிதிராயருக்கு ஒருநாள் விபரீதமான ஆசை வந்தது. நாடு இருக்கிறது, அரண்மனை இருக்கிறது, ஆனால் வாடகைக்கு விட ஒரு வீடு இல்லையே!

ஆசையைக் கிளப்பியவர் கடைவீதி எண்ணெய் வியாபாரி. இரண்டு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவர் பட்டப்பகலில் குறட்டை விடுவதை ராயர் பல்லக்கிலிருந்து பார்த்துவிட்டார்.

"நான் போருக்குப் போய்க் கப்பம் வாங்குகிறேன். இவன் தூங்கிக்கொண்டே வாங்குகிறானே!"

அரண்மனை அதிகாரி கோனேரியார் பக்கத்திலேயே நின்றிருந்தார். "மகாராஜா, ஒரு வீடு கைவசம் இருக்கிறது. காற்றோட்டம் பிரமாதம். தண்ணீருக்குப் பஞ்சமே கிடையாது" என்றார்.

அது தன் மைத்துனன் வீடு என்பதையும், நட்டநடு ஏரிக்குள் கட்டியது என்பதையும் அவர் சொல்லவில்லை. அப்போது சித்திரை மாதம். ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ராயர் கதவின் வேலைப்பாட்டைப் பார்த்தார். சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். அங்கேயே விலை பேசி முடித்துவிட்டார்.

ஐப்பசி வந்தது. மழை கொட்டியது. ஏரி தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்!

வீடு பார்க்க வந்த நெசவாளி, "தறியை எங்கே போடுவது, தோணியிலா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்து ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். மாப்பிள்ளை கதவைத் திறந்ததும் ஒரு கெளுத்தி மீன் வெளியே வந்து வரவேற்றது. அவர்கள் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

ராயருக்குக் கோபம் தலைக்கேறியது. கோனேரியார் உடனே அதைத் திருப்பிவிட்டார். "வீட்டில் ஒரு குறையும் இல்லை, மகாராஜா. ஆள் பிடிக்கச் சாமர்த்தியம் வேண்டும். நம் செவ்வந்தியப்பனிடம் இல்லாத சாமர்த்தியமா?"

செவ்வந்தியப்பன் அரசவை விகடகவி. கோனேரியாரின் தில்லுமுல்லுகளைச் சபையிலேயே கேலி செய்பவன். பழி தீர்க்க இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா?

ராயர் அவனைக் கூப்பிட்டு முழங்கினார். "குடிவருகிறவர் தண்ணீர் என்று புலம்பக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அடுப்பு மூட்டிக் கூரையைக் கரியாக்கக் கூடாது. வாடகையைக் கேட்காமலே தரவேண்டும். தை பிறப்பதற்குள் ஆள் பிடி. இல்லையென்றால் நீயே பெண்டாட்டியோடு அங்கே குடிபோ!"

செவ்வந்தியப்பனுக்கு நீச்சல் தெரியாது. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடி விஷயத்தைச் சொன்னான்.

அவன் மனைவி வடிவாம்பாள் கரண்டியோடு திரும்பினாள். "நான் என்ன விரால் மீனா? அந்த வீட்டில் வாத்துதான் குடியிருக்கும்!"

செவ்வந்தியப்பனின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. பிறகு அந்தக் கவளத்தை ஆனந்தமாக விழுங்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று" என்றான்.

சில நாள் கழித்து ராயரும் கோனேரியாரும் அவனோடு தோணியில் வீடு பார்க்கப் போனார்கள். தோணி வாசல் வழியாகக் கூடத்துக்குள்ளேயே நுழைந்தது. அங்கே வாத்துகள் நீந்தின. ஜன்னலில் வாத்துகள் உட்கார்ந்திருந்தன. பரணில் நாலைந்து வாத்துகள் தூங்கின.

"இதென்னடா கூத்து?"

"குடித்தனக்காரர்கள், மகாராஜா. தண்ணீர் என்று யாராவது புலம்புகிறார்களா? ஆணி அடித்திருக்கிறார்களா? அடுப்புப் புகை உண்டா?"

"அதெல்லாம் சரி. வாடகை?"

"பரணில் கையை விடுங்கள்."

ராயர் கையை விட்டார். வெதுவெதுப்பாக ஒரு முட்டை!

"தினமும் காலையில் வைத்துவிடுகிறார்கள். நாம் வாசலில் போய் நிற்க வேண்டியதே இல்லை."

கோனேரியார் பதறினார். "இது செல்லாது! குடிவருகிறவர் வாய் திறந்து வாக்குக் கொடுக்க வேண்டாமா?"

செவ்வந்தியப்பன் வாத்துகளைப் பார்த்துப் பணிவாகக் கைகூப்பினான். "பெரியவர்களே, வாடகை தவறாமல் தருவீர்களா?"

"வாக்! வாக்! வாக்!"

"கேட்டீர்களா? குடும்பமே சேர்ந்து வாக்குக் கொடுக்கிறது."

ராயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அதிருக்கட்டும், ஏரிக்குள் வீடு கட்டிய அந்தப் புத்திசாலி யார்?" என்று கேட்டார்.

"கோனேரியாரின் மைத்துனர், மகாராஜா. உங்களுக்கு விற்றவரும் அவர்தான்."

"பொய்!" என்று கோனேரியார் துள்ளி எழுந்தார். தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தொபுக்கடீர்! தலைப்பாகை மட்டும் மிதந்தது. பின்னாலேயே தலையும் வந்தது.

ராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே தன் முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியப்பன் கழுத்தில் போட்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்ற கோனேரியாரை வாத்துகள் சூழ்ந்துகொண்டு ஏகமாகக் கத்தின.

"இப்போது என்னடா சொல்கிறார்கள்?"

"உள்வாடகைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள், மகாராஜா."