கிடாயை மீட்ட ஒன்பது பெயர்கள்

மலைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருந்த காலம். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

மாந்தோப்பு நாட்டில் உருமாலன் என்றொரு மந்திரவாதி. ஆட்களைக் கிடாயாக்குவான். பொழுது சாய்ந்ததும் வெட்டித் தின்பான். அன்றைக்கு மூன்று கிடாய் கட்டிக் கிடந்தன. ஒன்று மந்திரி. ஒன்று தளபதி. மூன்றாவது விறகுவெட்டி தவசி.

தவசியின் பெண்டாட்டி வீராயி, கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவள். ஓடி வந்தாள்.

“என் புருஷனை விடு!”

“என் மைனா ஒன்பது பெயர் சொல்லும். ஒரே தரம். அதே வரிசையில் திருப்பிச் சொல், மூவரையும் விடுகிறேன். பிசகினால் நாலாவது கிடாய் நீ.”

“இவர்களும் சொல்லிப் பார்த்தார்களா?”

“பார்த்தார்கள். முதலும் சரி, கடைசியும் சரி. நடுவில் பக்கத்துப் பக்கத்துப் பெயர் இடம் மாறிப்போச்சு. எல்லாருக்கும் அங்கேதான் மாறும்,” என்று சிரித்தான் உருமாலன்.

தவசி ‘மே’ என்று கத்தினான்.

“நீங்க சும்மா இருங்க மாமா!”

மைனா வாய் திறந்தது. “புலி, நரி, மயில். முயல், ஆந்தை, கொக்கு. ஆமை, எலி, யானை.”

வீராயி கண்ணை மூடினாள். காற்றில் ஓர் இலை விரித்தாள். பரிமாறுகிற வரிசையில் கை போனது. போன இடத்தில் எல்லாம் ஒரு பெயரை வைத்தாள்.

“உன் மாமியார் பேர் என்னடி?” என்று குறுக்கே விழுந்தான் உருமாலன்.

“பந்தி நடக்குது, தள்ளி நில்லு! உப்புக்குப் புலி. ஊறுகாய்க்கு நரி. இனிப்புக்கு மயில். பச்சடிக்கு முயல்…”

நின்றுவிட்டாள். அடுத்தது ஆந்தையா, கொக்கா?

சூரியன் மலையைத் தொட்டது. அவன் கத்தியை எடுத்தான்.

வீராயியின் மனசு தடுமாறியது. கை தடுமாறவில்லை. பச்சடியைத் தாண்டிப் பழக்கத்தில் பொரியலுக்குப் போனது. அங்கே ஆந்தை முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“பொரியலுக்கு ஆந்தை! கூட்டுக்குக் கொக்கு! அவியலுக்கு ஆமை, அப்பளத்துக்கு எலி, சோற்றுக்கு யானை!”

டமார்! அவன் இடுப்பில் செருகியிருந்த மந்திரக்கோல் பிளந்தது. பந்தயத்தில் தோற்ற உருமாலன் புகையாகிப் போனான். கிடாய் நின்ற இடத்தில் மூன்று ஆட்கள்.

மந்திரி தன் முத்துமாலையைக் கழற்றி வீராயி கழுத்தில் போட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தவசியின் தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“கொம்பு போச்சா மாமா?”

“போச்சு புள்ள. அழாதே.”

“யாரு அழுதா?” என்று அழுதாள்.

பிழைத்தார்கள். எனக்கும் இப்போதுதான் மூச்சு வருகிறது. எழுந்து போங்கள்.