சாளை வாங்கப் போன பேராசிரியர்

"டீச்சர், எனக்கு ஸ்பானிஷ் தெரியும். ஆனா பேச வரமாட்டேங்கு."

சொன்னவர் தாணுமூர்த்தி. பாளையங்கோட்டையில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்பானிஷைப் புத்தகத்தை வைத்தே படித்து, தபால் வழித் தேர்வில் முதலாவதாகத் தேறியவர். இதை யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார்.

கேட்டுக்கொண்டிருந்தவள் பிலோமினா. தூத்துக்குடிக்காரி. ஸ்பெயினில் ஒரு கடலோரச் சிற்றூரில், வெளியூர்க்காரர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லித் தருகிறாள். வயதில் அவருக்கு மகள் மாதிரி.

"என்னல்லாம் படிச்சிருக்கீங்க சார்?"

"இலக்கணம் முழுசும். இலக்கிய வரலாறு முழுசும். பொற்காலத்துக் கவிஞர்ல யாரு எந்தக் காய்ச்சல்ல செத்தாங்கங்கிற வரைக்கும் தெரியும்."

"பிறகென்ன?"

"சனிக்கிழமை இந்த ஊர் நூலகத்துல நான் பேசணும். கூப்பிட்டுட்டாங்க, நானும் வந்துட்டேன். தப்பு வந்திருமோன்னு நினைச்சாலே தொண்டை அடைச்சிக்கிடுது. மானம் போயிரும் டீச்சர்."

அவர் கண் கலங்கிவிட்டது. பிலோமினாவுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவள் சொன்னது இதுதான்.

"மீன்கடைக்குப் போயி சாளை வாங்கிட்டு வாங்க."

"நான் சைவம்."

"வாங்கத்தான சொன்னேன்? சாப்பிடவா சொன்னேன்?"

போனார்.

கடையில் கூட்டம் இருந்தது. வரிசை இல்லை. ஒருத்தி சுவரோரம், ஒருவன் வாசலில் சிகரெட்டோடு, இன்னும் சிலர் ஆளுக்கொரு பக்கம் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரேஷன் கடையில் பழகிய மனிதர் இதற்கெல்லாம் அசருவாரா? மஞ்சள் பையை மடித்து, மீன் பலகைக்கு நேரே தரையில் வைத்து இடம் பிடித்தார். பை விழுந்துவிட்டது என்று சுவரோரத்துப் பெண் எடுத்துக் கொடுத்தாள். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்துக் கொடுத்தாள், இந்த முறை தூசி தட்டி.

கடை சாத்தும்வரை அவர் முறை வரவில்லை.

"அநியாயம் டீச்சர்! எனக்குப் பின்னால வந்தவன்லாம் வாங்கிட்டுப் போறான். உள்ள வர்றவன் 'கடைசி யாரு?'ன்னு கேக்கான். யாராவது 'நான்'ங்காங்க. அவங்களுக்கு அடுத்தது இவன். இதுதான் இவங்க வரிசை!"

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கத்தான் வாக்கியம் தயார் பண்ணுனேன். ஆம்பளையும் நிக்காங்க, பொம்பளையும் நிக்காங்க. ஆண்பால்ல கேக்கவா, பெண்பால்ல கேக்கவா? யோசிக்கதுக்குள்ள கூட்டம் கூடிப்போச்சு."

"நாளைக்கும் போங்க."

"டீச்சர், பாடம் எப்போ?"

அவள் அவர் கையில் மஞ்சள் பையைக் கொடுத்துக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் கடைவாசலில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு "கடைசி யாரு?" என்று கேட்டேவிட்டார். அரை வாக்கியம். அதிலும் தப்பு.

யாரும் சிரிக்கவில்லை. சுவரோரத்துப் பெண் பேச்சை நிறுத்தாமலே கையைத் தூக்கினாள். "நான்."

கொஞ்ச நேரத்தில் நாயோடு ஒருவர் வந்தார். "கடைசி யாரு?"

பதில் இல்லை. யாரப்பா அது, சொல்லித் தொலைத்தால் என்ன என்று தாணுமூர்த்தியும் சுற்றிப் பார்த்தார்.

எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிலோமினா வீட்டுக்கு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"டீச்சர்! என்னைக் கேட்டாங்க! நான்தான் கடைசின்னு சொல்லிட்டேன்! முதலாவதா பாஸான அன்னைக்குக்கூட மனசு இப்படிக் குளிரல!"

"சாளை எங்க?"

பையைப் பார்த்தார். காலி.

சனிக்கிழமை வந்தது. நூலகம் நிறைந்திருந்தது. தாணுமூர்த்தி மேடையேறி நின்றார். மனப்பாடம் செய்துவைத்த முதல் வாக்கியம் போன இடம் தெரியவில்லை. கூட்டம் காத்திருந்தது. முன்வரிசையில் பிலோமினா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார். சுவரோரத்துப் பெண் இருந்தாள். நாய்க்காரர் இருந்தார், நாயும் இருந்தது.

"கடைசி யாரு?" என்று கேட்டார், கடையில் செய்த அதே தப்போடு.

மீன்கடைக்காரி அப்போதுதான் ஈரக் கையைத் துடைத்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"நான்தான்," என்றாள். "கடையைச் சாத்திட்டு வர நேரமாயிட்டு. இனி உங்க முறை, சொல்லுங்க."