கொட்டாத கொடுக்கு

கொடுக்கு உண்டு, கொட்டாது. கால் உண்டு, நடக்காது. நெஞ்சு சிவந்திருக்கும், கோபம் கிடையாது. ஆடி மாதம் இருட்டத் தொடங்கியதும் தெற்கே பாருங்கள், தெரியும். அது என்ன?

விருச்சிகம். பன்னிரண்டு ராசிகளில் எட்டாவது. வடமொழியில் அந்தச் சொல்லுக்குத் தேள் என்று பொருள்.

"அதனால்தான் எனக்கு அது வேண்டாம், ஐயா," என்றாள் அலர்மேல்.

அவளுக்கு ஒன்பது வயது, விருச்சிக ராசி. குழைக்காதர் என்ற ஆசானிடம் வானநூல் படிக்க வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்ந்த பிள்ளை, தன் ராசியின் விண்மீன்களை முற்றத்து மணலில் புளியங்கொட்டைகளால் வைக்க வேண்டும். பிறகு கோடு இழுத்து உருவமாக்க வேண்டும். அந்த உருவத்தின் பெயரைச் சொல்லித்தான் ஓராண்டுக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள்.

அலர்மேல் கொட்டைகளை வைத்துவிட்டாள். கோடு இழுக்கவில்லை.

"இப்போதே நான் உட்கார்ந்து எழுந்தால் பாயை உதறுகிறார்கள். தேள் என்று கூப்பிட்டால் நான் ஊருக்கே போய்விடுவேன்."

"பாயை உதறுவது நல்ல பழக்கம்தானே," என்றான் அரங்கன். அவன் தை மாதம் சேர்ந்தவன். மேஷ ராசி.

"நீ பேசாதே, ஆடு. போய் மேய்."

ஆசான் சிரித்தார்.

"கோட்டை உன் விருப்பப்படி இழு, அம்மா. தேளாகத்தான் இருக்க வேண்டும் என்று வானம் கேட்கவில்லை. இவற்றில் சில விண்மீன்களை நம் முன்னோர் வளைந்த பனை என்றார்கள். கடல் நடுவே தீவுகளில் இருப்பவர்கள் தூண்டில் முள் என்கிறார்கள்."

"ஏன் அப்படி?"

"சோறு போட்டதை மறக்காமல் இருக்கத்தான், வேறு எதற்கு?"

அலர்மேல் யோசித்தாள்.

"பனை நுங்கு கொடுக்கும், ஓலை கொடுக்கும். தூண்டில் மீன் கொடுக்கும். தேள் என்ன கொடுத்தது, ஐயா?"

ஆசான் எழுந்து கிணற்றடிக்குப் போனார். பிள்ளைகள் பின்னால் போனார்கள். அங்கே கிடந்த உடைந்த ஓடு ஒன்றை அவர் குச்சியால் மெல்லத் தூக்கினார்.

அடியில் ஒரு கருந்தேள்.

அரங்கன் செருப்பைக் கழற்றினான். "நகருங்கள் ஐயா, அடித்துவிடுகிறேன்."

"காலில் போடு அதை. எட்ட நின்று முதுகைப் பார்."

தேளின் முதுகில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது.

"குட்டிகள்," என்றாள் அலர்மேல்.

"சொந்தக் காலில் நடக்கும்வரை அம்மா முதுகுதான் வீடு," என்றார் ஆசான்.

தேள் ஓடவில்லை. கொடுக்கை உயர்த்திக்கொண்டு, முதுகில் இருப்பவை நழுவாதபடி மெல்லத் திரும்பியது.

"யாரைக் கொட்டப் பார்க்கிறது?" என்று அரங்கன் கேட்டான்.

"செருப்பெடுத்தவனை," என்றாள் அலர்மேல்.

ஆசான் உடைந்த ஓட்டைப் பழையபடி தேளின்மேல் கவிழ்த்தார்.

அலர்மேல் அந்த ஓட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கள் ஊரில் வெள்ளம் வந்தபோது," என்றாள், "அம்மா என்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு கரையேறினாள். ஒருவர் உதவிக்கு வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். 'தொடாதே, பிள்ளை நழுவிவிடும்' என்று அம்மா கத்தினாள்."

"அவர் என்ன சொன்னார்?" என்று அரங்கன் கேட்டான்.

"'தேளாய்க் கொட்டுகிறாளே' என்றார்."

 அரங்கன் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டான்.

அலர்மேல் முற்றத்துக்குத் திரும்பி வந்தாள். புளியங்கொட்டைகளைச் சேர்த்துக் கோடு இழுத்தாள். தேளை வரைந்தாள். கோழிக்கு வைத்திருந்த நொய்யில் ஒரு பிடி எடுத்து, அதன் முதுகில் தூவினாள்.